கழுத்தில் நெறி கட்டினால் இரத்தப் பரிசோதனை போதுமா?



மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் மனுக்களோடு 'டி.பி. கோல்டு' என்ற இரத்தப் பரிசோதனை ரசீதும் இருப்பதைப் பார்க்கிறோம். சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. சென்ற குறுவை அறுப்பின்போது ஒரு குடும்பம் வந்தது. மகளுக்குக் கழுத்தில் நெறி கட்டி மூன்று மாதம். இருமலோ சளியோ இல்லாததால் காசநோய் என்று யாரும் நினைக்கவில்லை. பேசி வைத்த நிக்காஹ் தடைபடுமோ என்று வெளியில் சொல்லவுமில்லை. தனியார் லேப் ஒன்றில் இந்தப் பரிசோதனை 'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாகிவிட்டார்கள். கட்டி உடைந்து சீழ் வடிந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கட்டியில் இருந்தது காசநோய்க் கிருமிதான்.

காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. நெறிக்கட்டி, முதுகெலும்பு, குடல், நுரையீரலைச் சுற்றியுள்ள உறை, மூளை உறை என எங்கும் வரும். அப்போது சளியில் கிருமி அகப்படாமல் போகலாம். அதனால்தான் இரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியாதா என்ற ஆசை.

டி.பி. கோல்டு பரிசோதனையில் நம் இரத்தத்தைக் காசநோய்க் கிருமியின் புரதங்களோடு சேர்த்து வைப்பார்கள். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த வெள்ளையணுக்கள் 'இன்டர்ஃபெரான் காமா' என்ற பொருளைச் சுரக்கும். அதை அளப்பார்கள். ஆனால் கிருமி உடம்பில் உறங்கிக் கிடந்தாலும் 'பாசிட்டிவ்' வரும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய ஆய்வில், 15 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 31 சதவீதம் பேருக்கு இப்படிக் கிருமித் தொற்று இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் நோயாளிகள் அல்லர். மறுபுறம், நோய் இருந்தும் எதிர்ப்புச் சக்தி குன்றியவருக்கு 'நெகட்டிவ்' வரலாம். ஆகவே இந்தச் சீட்டை மட்டும் வைத்து நோய் உண்டென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் தேடும் பழைய வகைப் பரிசோதனைகள் வேறு. அவை தவறான முடிவு தருவதால் 2011இல் உலக சுகாதார நிறுவனம் கூடாதென்றது. 2012இல் நம் அரசு தடையே செய்தது.

சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தார், நுரையீரலுக்கு வெளியே காசநோய் உள்ளவர்களின் இரத்தத்தில் எந்தெந்த எதிர்ப்புச் சக்திப் பொருள்கள் கூடுகின்றன, குறைகின்றன என்று ஆராய்ந்து வருகிறார்கள். வேறு அழற்சி நோய்களிலும் இவற்றில் பல கூடும் என்பதுதான் சிக்கல். பலன் கிடைத்தால் ஏழைகளுக்குப் பெரிய உதவி. இன்றைக்கு நம் ஊர் லேபில் கேட்டு வாங்கும் நிலையில் அது இல்லை.

இன்றுள்ள நல்ல வழி, நோய் உள்ள இடத்திலிருந்தே மாதிரி எடுப்பது. நெறிக்கட்டி என்றால் மெல்லிய ஊசியால் சிறிது எடுத்து நுண்ணோக்கியிலும் 'சிபிநாட்' கருவியிலும் பார்க்கிறார்கள். ஊசி என்றதும் நம் பெண்கள் தயங்குகிறார்கள். சில நிமிட வேலைதான். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். நெறிக்கட்டிக்குப் பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை. எலும்புக்கும் மூளை உறைக்கும் அதைவிட நீளும். நுரையீரலில் நோய் இல்லையென்று எக்ஸ்ரேயில் உறுதியானால், அவரிடமிருந்து வீட்டாருக்குத் தொற்றும் என்று தனித்தட்டு வைக்க வேண்டியதில்லை. சம்பந்தி வீட்டாரும் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் நெறிக்கட்டி, மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, தீராத முதுகுவலி இருந்தால் லேபில் பணம் கட்டுமுன் சீட்டோடு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். மஃரிபுக்குப் பின் இருப்போம். மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் அனுப்புகிறோம். பஸ் செலவையும் பார்த்துக்கொள்கிறோம், இன்ஷா அல்லாஹ்.