சேர்க்கும் முன் பார், சேர்த்த பின் எண்ணு

அன்புள்ள கயலுக்கு,

திருக்குறளை அதிகாரத்துக்கு ஒரு கோப்பாக 133 கோப்புகளில் தட்டெழுதி முடித்துவிட்டாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். அவற்றை ஒன்றாக்க, ஒவ்வொன்றாகத் திறந்து நகலெடுத்து ஒட்டப் போவதாக எழுதியிருக்கிறாய். அத்தனை பாடு வேண்டாம். டெர்மினலில் ஒரே வரியில் முடிகிற வேலை அது.

முதலில் பார்க்கப் பழகு. ‘கேட்’ கட்டளைக்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருப்பது திரையில் ஓடும். பெல் ஆய்வகத்தில் 1971-இல் எழுதப்பட்ட யூனிக்ஸ் முதல் கையேட்டிலேயே இந்தக் கட்டளை உண்டு. இன்றைய லினக்ஸிலும் மேக்கிலும் அப்படியே வேலை செய்கிறது. கோப்பு நீளமென்றால் ‘லெஸ்’ போட்டுப் பக்கம் பக்கமாகப் படி. ‘கியூ’ தட்டினால் வெளியே வரலாம். முதல் பத்து வரிக்கு ‘ஹெட்’, கடைசிப் பத்து வரிக்கு ‘டெயில்’. இவை காட்டுவதோடு சரி, கோப்பில் ஓர் எழுத்தையும் மாற்றா. தைரியமாகப் போட்டுப் பார்.

சேர்ப்பதற்கும் ‘கேட்’தான். பல பெயர்களைக் கொடுத்தால் வரிசையாகக் காட்டும். கடைசியில் ‘>’ குறியும் ஒரு புதுப் பெயரும் சேர்த்தால், திரைக்கு வரவேண்டியது அந்தக் கோப்புக்குள் போய்விடும். கோப்புகளுக்குக் ‘குறள்-1’, ‘குறள்-2’ என்று பெயர் இருந்தால் 133 பெயரையும் எழுத வேண்டாம், ‘குறள்-*’ போதும். ஆனால் அந்த நட்சத்திரக் குறிக்கு எண்ணின் மதிப்பு தெரியாது. 1-க்கு அடுத்து 10, பிறகு 100 என்றுதான் அடுக்கும். கடவுள் வாழ்த்தை அடுத்து இனியவை கூறல் வந்து நிற்கும், வான்சிறப்பு எங்கோ பின்னுக்குப் போய்விடும். ஆகவே 001, 002 என்று மூன்று இலக்கத்தில் பெயர் வை.

‘>’ குறியிடம் எச்சரிக்கை தேவை. அதே பெயரில் பழைய கோப்பு இருந்தால், உன்னைக் கேட்காமலே அழித்துவிட்டு எழுதும். சேர்க்கும் கோப்புகளில் ஒன்றின் பெயரையே கொடுத்தாலோ, ‘கேட்’ படிக்கத் தொடங்கும் முன்பே, டெர்மினலில் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் அதைக் காலியாக்கிவிடும். இருப்பதன் கடைசியில் சேர்க்க ‘>>’ போடு. முழுத் தொகுப்பை வேறொரு ஃபோல்டரில் புதுப் பெயரில் வை.

பிறகு ‘டபிள்யூசி -எல்’ போட்டு வரிகளை எண்ணு. தலைப்பும் வெற்று வரியும் இல்லையென்றால், 1330 குறளுக்கு 2660 வரி வரவேண்டும். குறைந்தால் ஏதோ குறள் விடுபட்டிருக்கும். அல்லது ஒரு கோப்பின் கடைசி வரியில் எண்டர் தட்டாததால் அடுத்த அதிகாரம் அதோடு ஒட்டியிருக்கும்.

கணக்கு நேராகும்வரை மூலக் கோப்புகளில் ஒன்றைக்கூட அழிக்காதே.

அன்புடன்,
உன் மாமா