வயலில் விஷப்பாம்பும் ஊராட்சியின் கடமையும்

(ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர்)

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் படைவீரனைக் காட்டிலும் பாம்பை அடிக்கடி எதிர்கொள்பவன் உழவனே ஆவான். நெல் விளையும் இடத்தை எலி நாடுகிறது. எலி வாழும் இடத்தைப் பாம்பு நாடுகிறது. அதே இடத்தில்தான் நம் மக்கள் வெறுங்காலுடன் நாற்று நடுகின்றனர், களை பறிக்கின்றனர், கதிர் அறுக்கின்றனர். ஆகவே பாம்புக்கடி என்பது விதியின் விளையாட்டு அன்று. உழவுத் தொழிலோடு ஒட்டிய ஓர் அபாயம். எந்தத் தொழில் அபாயத்தையும்போல இதனையும் அறிந்து, ஆயத்தமாக இருந்து, குறைக்க முடியும்.

2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் நம் நாட்டில் பாம்புக்கடியால் மாண்டவர் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அஃதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். 2017 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2030 ஆம் ஆண்டிற்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் மத்திய அரசு 2024 இல் ஒரு தேசியச் செயல் திட்டத்தை வெளியிட்டது. அதே ஆண்டில் தமிழக அரசும் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. அரசுகள் இவ்வளவு செய்தும், ஓர் உயிர் பிழைப்பதும் போவதும் பெரும்பாலும் வரப்பிலேயே முடிவாகிவிடுகிறது.

என் அனுபவம் ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். பட்டப் படிப்பை முடித்து, ஊரக வளர்ச்சித் துறையில் பணியேற்ற புதிதில், தை மாதத்தில் ஒரு நாள் காலை, காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தேன். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அரிகளை வாரி எடுத்த ஒரு பெண்மணியின் புறங்காலில் கண்ணாடி விரியன் தீண்டிவிட்டது. கூடியிருந்தோர் வைக்கோற்புரியால் முழங்காலுக்குக் கீழே இறுகக் கட்டினர். அடுத்த ஊரில் விஷக்கடிக்கு மந்திரிப்பவரிடம் கொண்டுபோகலாம் என்றனர். என் மோட்டார் சைக்கிள் வரப்போரத்தில் நின்றுகொண்டிருந்தது. அரசு மருத்துவமனை அரை மணி நேரத் தொலைவில்தான் இருந்தது. பெரியவர்கள் முடிவு செய்த பிறகு ஊருக்குப் புதியவன் குறுக்கிடுவது முறையன்று என்று நான் வாளாவிருந்துவிட்டேன். மாலையில் அந்த அம்மையாரின் ஈறுகளிலிருந்து இரத்தம் கசியத் தொடங்கியது. அதன் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மருத்துவர்கள் இயன்றதனைத்தும் செய்தனர். ஒன்பதாம் நாள் சிறுநீரகம் செயலிழந்து அவர் காலமானார். கடித்தது பாம்பு, ஆயினும் காலையிலிருந்து மாலை வரை வீணாக்கியவர்கள் மனிதர்களாகிய நாங்கள். அந்தக் காலதாமதத்தைப் பற்றியதே இக்கட்டுரை.

நான்கு பாம்புகள்

தமிழகத்தில் காணப்படும் பாம்பு வகைகளுள் பெரும்பாலானவை மனிதருக்குத் தீங்கு செய்யாதவை. எலியைத் தின்று விளைச்சலைக் காக்கும் சாரைப் பாம்பும், குளத்தில் நெளியும் தண்ணீர்ப் பாம்பும் நஞ்சில்லாதவை. மரணத்தை விளைவிக்கும் கடிகளுள் மிகப் பலவற்றிற்குக் காரணம் நான்கே பாம்புகள்.

1. நல்ல பாம்பு. படமெடுப்பதால் எளிதில் அறியலாம். வரப்பு வளைகளிலும், எலி வளைகளிலும், கரையான் புற்றுகளிலும் தங்கும். கடித்த இடம் வீங்கி அழுகக்கூடும், இமைகள் தொங்கும், நாக்குக் குழறும், மூச்சு தடைப்படும்.

2. கட்டு விரியன். கறுத்துப் பளபளக்கும் உடலில் மெல்லிய வெண்ணிறக் கட்டுகள் உடையது. பெரும்பாலும் இரவிலேயே நடமாடும். தரையில் படுத்து உறங்குபவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரும்பாலும் இராது. பல் பதிந்த அடையாளமும் தெரியாமற் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுந்து, கண் திறக்க இயலவில்லை என்று ஒருவர் கூறினால், கட்டு விரியன் கடித்திருக்குமோ என ஐயுற வேண்டும்.

3. கண்ணாடி விரியன். பருத்த உடலில் சங்கிலி கோத்ததுபோல் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையாக அமைந்திருக்கும். மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையால் எடுத்து மாண்டவரும் உண்டு. அண்டினால் உரத்துச் சீறும். இதன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும்.

4. சுருட்டை விரியன். ஒரு முழம் அளவே உள்ள சிறு பாம்பு. வறண்ட செம்மண்ணிலும் கற்குவியல்களிலும் வாழும். செதில்களை ஒன்றோடொன்று உரசி, அரத்தால் அராவுவது போன்ற ஒலி எழுப்பும். இதன் நஞ்சும் இரத்தக் கசிவை உண்டாக்கும்.

எதிர்ப்படும் இடமும் வேளையும்

பாம்பு மனிதனைத் தேடி வந்து கடிப்பதில்லை. மிதிக்கும் காலையும், மறைவிடத்தில் நுழையும் கையையுமே அது கடிக்கிறது. ஆதலின் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காலையோ கையையோ வைக்காமலிருப்பதே தற்காப்பின் முதல் விதி.

அறுவடையின்போது நீண்ட கோலால் பயிரைத் தட்டி அசைத்துவிட்டு இறங்குக. பாம்பு தரையின் அதிர்வை நன்கு உணரும். வழி இருந்தால் விலகிச் செல்லும். அறுத்துக் கிடத்திய அரிகளையும், வைக்கோற்போரையும், விறகு அடுக்கையும், வறட்டிக் குவியலையும் முதலில் கோலால் புரட்டிய பின்னரே கையால் எடுக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் மூடும் காலணி அணிவது மிகவும் நன்று. கடிகளிற் பெரும்பகுதி பாதத்திலும் கணுக்காலிலுமே நேர்கின்றன. சேற்றில் காலணி அணிய இயலாது என்பது உண்மையே. எனினும் வரப்பில் நடக்கும்போதும், கரும்பில் தோகை உரிக்கும்போதும், கடலைக்கொடி சுமக்கும்போதும் அணியத் தடை ஏது?

இரவில் மின்சாரம் வரும் வேளையில் பம்பு செட்டை இயக்கச் செல்வோர் கைவிளக்கின்றிச் செல்லலாகாது. மோட்டார்க் கொட்டகையின் கதவைத் திறந்தவுடன் உள்ளே ஒளி பாய்ச்சிப் பார்த்த பின்னரே சுவிட்சில் கை வைக்க வேண்டும். வீட்டில் தரையில் படுப்பதைத் தவிர்த்துக் கட்டிலில் படுக்கலாம். இயலாதவர் கொசுவலையைப் பாயின் அடியில் நன்கு செருகிக்கொண்டு உறங்கலாம். கொசுவையும் கட்டு விரியனையும் ஒருங்கே தடுக்கும் சிக்கனமான சாதனம் அது. வரப்பிலுள்ள எலி வளைகளை அடைப்பதும், ஆந்தைகள் அமர வயலில் குச்சிகள் நடுவதும் எலியைக் குறைக்கும்; எலி குறைந்தால் பாம்பின் வரவும் குறையும்.

பாம்பைக் கண்டால் அடிக்க முற்படாதீர்கள். அடிக்கப் போய்க் கடிபட்டவர் பலர். விலகி நின்று வழிவிடுவதே நலம். வீட்டிற்குள் புகுந்துவிட்டால் தீயணைப்புத் துறையினருக்கோ வனத்துறையினருக்கோ தெரிவிக்கலாம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சாரை முதலியவை 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை என்பதையும் நினைவிற் கொள்க.

கடித்துவிட்டால்

முதலாவதாக, கடிபட்டவரைப் பாம்பிடமிருந்து அகற்றி, அமைதிப்படுத்திப் படுக்க வையுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். தசைகள் இயங்கினால் நஞ்சு விரைந்து பரவும். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் தோன்றும் முன்னரே கழற்றுங்கள். எலும்பு முறிந்த காலுக்குச் சட்டம் வைப்பதுபோல, கடிபட்ட உறுப்பை ஒரு மட்டையோடு சேர்த்துத் துணியால் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 108 அவசர ஊர்திக்குச் சொல்லலாம். அது வரத் தாமதமாகுமாயின் கிடைத்த வண்டியில் ஏற்றுக. மோட்டார் சைக்கிளே கிடைத்ததாயினும், ஓட்டுபவருக்கும் பின்னால் தாங்கிப் பிடிப்பவருக்கும் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோகலாம்.

செய்யத் தகாதவை இவை: கயிற்றால் இறுகக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், விஷக்கல் வைத்தல், பனிக்கட்டி வைத்தல், பச்சிலைச் சாறு புகட்டுதல், சாராயம் கொடுத்தல். இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் நின்று காலே அழுகக்கூடும். கீறினால், கண்ணாடி விரியன் கடித்தவருக்கு இரத்தம் நில்லாமற் பெருகும். பாம்பைத் தேடிப் பிடித்து வரவும் தேவையில்லை. நம் நாட்டில் தரப்படும் விஷமுறிவு மருந்து மேற்கூறிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கும் பொதுவானது.

மந்திரித்து எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்களே என்று கிராம சபைகளில் என்னைக் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. பிழைத்தவர்களுட் பலரைக் கடித்தது நஞ்சில்லாத பாம்பு. நஞ்சுள்ள பாம்பும் எல்லாச் சமயங்களிலும் நஞ்சைச் செலுத்துவதில்லை. வெறும் பல் மட்டும் பதிவதும் உண்டு. அத்தகையவர் மருந்தின்றியே பிழைப்பர். புகழ் மந்திரத்தைச் சேரும். ஆனால் எந்தக் கடியில் நஞ்சு இறங்கியது என்பதை வரப்பில் நின்று ஒருவராலும் கூற இயலாது. ஆகவே ஒவ்வொரு கடியையும் நஞ்சுக்கடியாகவே கொள்ள வேண்டும்.

மருத்துவமனையில் நடப்பது

மருத்துவர் சிறிது இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பார். உறையாவிடில் விரியனின் நஞ்சு வேலை செய்கிறது என்று பொருள். நஞ்சின் அறிகுறி தெரிந்தால் விஷமுறிவு மருந்தைச் சிரை வழியாகச் செலுத்துவார். தொடக்கத்தில் 8 முதல் 10 குப்பிகள் வரை தேவைப்படும். குழந்தைக்கும் அதே அளவுதான். உடல் சிறியதாயினும் பாம்பு செலுத்திய நஞ்சு குறைவன்று அல்லவா? அறிகுறி ஒன்றும் இல்லையென்றாலும் ஒரு நாள் முழுவதும் அங்கேயே இருந்து கண்காணிப்புக்கு உட்படுதல் அவசியம். இம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாக அளிக்கப்படுகிறது.

இம்மருந்தின் வரலாறு நமக்குப் பெருமை தருவது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் இருளர் சமூகத்தார் 1978 ஆம் ஆண்டில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். தோல் வணிகம் தடைப்பட்டு வாழ்விழந்த அம்மக்கள், பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைகளுக்குச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளிலிருந்து மருந்து செய்யப்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

எனினும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். இம்மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சை முறிக்குமேயன்றி, நஞ்சு முன்னரே கெடுத்துவிட்ட சிறுநீரகத்தையோ நரம்பு முனைகளையோ திரும்பச் சரிசெய்யாது. காலந்தாழ்த்தியவருக்கு மருந்து இருந்தும் பயனில்லாமற் போவது இதனாலேயே.

ஊராட்சி மன்றம் செய்யக்கூடியவை

கடித்த பிறகு கூடி ஆலோசிப்பதில் பொருளில்லை. சம்பா அறுவடைக்கு முன்னர் வரும் அக்டோபர் 2 ஆம் நாள் கிராம சபையே இதற்கு உகந்த தருணம். அங்கே நான்கு செய்திகளை முடிவு செய்துவிடலாம். விஷமுறிவு மருந்து இருப்பில் உள்ளதும், இரவிலும் மருத்துவர் இருப்பதுமான அருகாமை மருத்துவமனை எது என்பதை நேரிற் சென்று விசாரித்து அறிதல். இரவு பகல் எந்நேரமும் வண்டி தர இசைந்த இருவர் மூவரின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஊராட்சி அலுவலகம், நியாய விலைக் கடை, பள்ளி ஆகிய இடங்களில் எழுதி வைத்தல். தெரு விளக்குகளைப் பழுது பார்த்தல். பாதையோரப் புதர்களை அகற்றுதல்.

இவற்றோடு ஐந்தாவதாக ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். ஊரில் மந்திரிப்பவரையும் நாட்டு வைத்தியரையும் பகைக்காமல் அழைத்துப் பேசுங்கள். நான் பின்னர்ப் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் ஊராட்சித் தலைவர் அவ்வாறே செய்தார். தம்மிடம் வருபவரை ஒரு நொடியும் நிறுத்தாமல் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவதாக அந்த முதியவர் சபையிலேயே வாக்களித்தார். அந்த மார்கழியில், இரவு பம்பு செட்டுக்குச் சென்ற ஓர் உழவரை நல்ல பாம்பு கடித்தது. உறவினர்கள் முதலில் அம்முதியவரிடந்தான் ஓடினர். அவர் திண்ணையை விட்டு இறங்கி வந்து, வண்டிக்காரரைத் தாமே எழுப்பினார். முக்கால் மணி நேரத்தில் மருந்து ஏறியது. பொங்கலுக்கு முன்னர் அந்த உழவர் வீடு திரும்பினார்.

அன்று வரப்பில் நான் சொல்லாமல் விட்ட சொற்கள் சிலவே: “முதலில் மருத்துவமனைக்குப் போவோம்.” அச்சொற்களை உரிய நேரத்தில் சொல்ல ஒவ்வொரு கிராமத்திலும் ஒருவர் முன்வர வேண்டும். ஊராட்சி மன்ற உறுப்பினராகிய தாங்களே அவராக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.