வெயிலுக்கோர் அளவுகோல்

பகல் வேறு, வெளிச்சம் வேறு, வெயில் வேறு. கதிரவன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பொழுது பகல். முகில் மூடிய வேளையிலும் நூலைப் படிக்க உதவுவது வெளிச்சம். கதிர்கள் தடையின்றி நேரே விழுந்து, பொருள்களின் நிழலை நிலத்தில் தெளிவுற வரையுமாயின் அதுவே வெயில். இம்மூன்று சொற்களையும் நாம் அன்றாடம் வழங்குகிறோம். ஆயினும், 'ஒரு நகரம் ஓராண்டில் எத்தனை மணி நேரம் வெயில் பெறுகிறது?' என்னும் வினாவிற்கு இவ்வேறுபாட்டை உணராமல் விடை கூற இயலாது. பகலின் அளவைக் கணக்கிட்டே அறியலாம். வெயிலின் அளவை நாள்தோறும் அளந்தே அறிதல் வேண்டும். இலண்டன் மாநகர வரலாற்றின் வழி இதனை ஈண்டுக் காண்போம்.

கதை தொகுத்தவரின் கருவி

வெயிலைப் பதிவு செய்யும் கருவியை 1853ஆம் ஆண்டில் அமைத்தவர் ஸ்காட்லாந்தைச் சார்ந்த ஜான் பிரான்சிஸ் கேம்பெல். இவர் கேலிக் மொழியில் மக்கள் வாய்மொழியாக வழங்கிய கதைகளைத் தொகுத்து, 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாக வெளியிட்டவர் என்பது தமிழ் பயில்வோர் அறிந்து மகிழத்தக்க செய்தியாகும். காற்றோடு கலந்து மறையும் சொல்லை ஏட்டில் பதித்தவரே, மேகத்தோடு மறையும் வெயிலையும் பதிவாக்கினார்.

மரக்கிண்ணம் ஒன்றில் நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையை வைத்தார் அவர். உருண்டை கதிர்களை ஒரு புள்ளியில் குவித்தது; கதிரவன் நகர நகர அப்புள்ளியும் நகர்ந்து மரத்தைக் கருக்கிற்று. கோளக் கண்ணாடி கதிர்களைக் குவித்து எரிக்கும் திறத்தைப் பற்றி, பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல் ஹைதம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தனி நூல் யாத்துள்ளமை இங்கு நினைக்கத்தக்கது.

மரக்கிண்ணத்தில் பல நாட்களின் தழும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தமையால், ஒரு நாளின் கணக்கைத் தனியே பிரித்தல் அரிதாயிற்று. 1879இல் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் இக்குறையைக் களைந்தார். உலோகச் சட்டத்தில் மணிக்கோடுகள் இட்ட அட்டையைச் செருகும் முறையை அவர் வகுத்தார். கோடை, குளிர், இடைப்பருவம் ஆகியவற்றிற்கு மூவகை அட்டைகள் உண்டு. கதிரவன் மறைந்தபின் அட்டையை மாற்றி, கருகிய கோட்டின் நீளத்தை அளந்தால் அன்றைய வெயில் நேரம் கிட்டும். மின்விசை வேண்டா, கடிகாரமும் வேண்டா, நாள் தவறாத ஒரு மனிதரின் கடமையுணர்வு மட்டுமே வேண்டும்.

புகை மறைத்த வெயில்

உலகின் எவ்விடத்திற்கும் ஓராண்டில் ஏறத்தாழ 4,400 மணி நேரம் பகல் உண்டு. இலண்டன் பெறும் வெயிலோ ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,500 முதல் 1,700 மணி நேரம்வரையே. இக்குறைவிற்கு மேகமே பெருங்காரணம் எனினும், மேகம் மட்டுமே காரணமன்று. முற்காலத்தில் குளிர்காலத்தில் நகரின் நடுப்பகுதி பெற்ற வெயில், புறநகர் பெற்றதினும் குறைவாக இருந்தது. வானம் ஒன்றே, இடையில் நின்றது நிலக்கரிப் புகை.

இதன் கேடு சிறிதன்று. குழந்தைகளின் எலும்பு மென்மையுற்று வளையும் ரிக்கெட்ஸ் நோய், புகை சூழ்ந்த பெருநகரங்களில் மிகுதியாகவும் வெயில் நிறைந்த நாடுகளில் அரிதாகவும் இருப்பதை 1890இல் தியோபால்ட் பாம் என்னும் மருத்துவர் எடுத்துக்காட்டினார். 1952 டிசம்பரில் இலண்டனைச் சூழ்ந்த நச்சுப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது. 1956இல் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்தாலும், அடுப்புகள் நிலக்கரியினின்று வேறு எரிபொருள்களுக்கு மாறியமையாலும் புகை குறைந்தது. குளிர்கால வெயிலில் நகருக்கும் புறநகருக்கும் இருந்த இடைவெளியும் குறைந்தது. இவ்வுண்மையை மெய்ப்பித்தவை, யாரோ ஒருவர் மாலைதோறும் மாற்றி வைத்த அட்டைகளேயாகும்.

அளவும் வரையறையும்

இக்கருவிக்கும் குறைகள் உள. விடியலின் மெல்லிய கதிர் அட்டையைக் கருக்குவதில்லை. மேகம் விட்டுவிட்டு வரும் நாளில் கருகல் பரவி, வெயிலை மிகுத்துக் காட்டும். ஆகவே உலக வானிலை நிறுவனம் 1981இல், நேர்க்கதிரின் ஆற்றல் ஒரு சதுர மீட்டருக்கு 120 வாட் அளவைக் கடந்தால் அது வெயில் என வரையறுத்தது. பின்னர்ப் பல நிலையங்களில் மின்னணுக் கருவிகள் இடம்பெற்றன. பழைய அட்டையும் புதிய கருவியும் ஒரே நாளுக்கு வெவ்வேறு எண்களைத் தருவதுண்டு. சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் பாடவேறுபாட்டைக் குறிப்பது போல, கருவி மாறிய நாளையும் வேற்றுமையையும் குறித்த பின்னரே இரு கணக்குகளையும் இணைத்தல் முறை. இன்றேல், கருவியின் மாற்றத்தை வானின் மாற்றமாகக் கருதி மயங்குவோம்.

முடிவுரை

சொல்லின் பொருளை வரையறுத்தல், நாள்தோறும் அளத்தல், அளந்ததை மாற்றாது காத்தல் ஆகிய மூன்றும் கூடியபோதே ஒரு நகரம் தான் இழந்த வெயிலை அறிந்தது, அறிந்தமையால் மீட்டது. இயற்கை அனைவர்க்கும் பொதுவில் வழங்கிய கொடையை ஒரு சாராரின் புகை மறைக்குமாயின், அதனால் முதலில் வாடுவோர் ஒடுங்கிய தெருக்களில் வாழும் எளியோரின் குழந்தைகளே. அளக்காமல் விட்ட ஒன்று குறையும்போது, அது குறைந்ததென்று எவராலும் எடுத்துரைக்க இயலாது. ஆதலின், அறிவியல் பயில்வோர்க்கும் மொழி பயில்வோர்க்கும் பதிவு செய்தல் என்பது ஏட்டுப்பணி மட்டுமன்று, அறப்பணியுமாகும்.