ஒரே ஒயரில் இரண்டு சரக்கு: டிஷ்ஷும் ஆன்டெனாவும்



நம் மளிகைக் கடைக்குத் துவரம்பருப்பும் புளியும் மொத்த வியாபாரியிடமிருந்து லாரியில் வருகின்றன. கீரையும் கொத்தமல்லியும் விடியற்காலையில் உள்ளூர்ச் சந்தையிலிருந்து வருகின்றன. இரண்டையும் ஒரே லாரி சர்வீஸிடம் ஒப்படைத்தால் வசதிதான். ஆனால் லாரி நின்றுபோன அன்று ஒரு கீரைக்கட்டு கூடக் கடையில் இராது. தொலைக்காட்சியிலும் இதே கணக்கு உண்டு. டிஷ் என்பது வெளியூர் லாரி. ஆன்டெனா என்பது உள்ளூர்ச் சந்தை. இரண்டையும் ஒரே ஒயரில் சேர்ப்பது எப்படி, ஏன் சேர்க்க வேண்டும் என்பதே இந்த இதழின் பாடம்.

நம் ஊர் மாடிகளில் ஒரு காலத்தில் கொடைக்கானல் ஒளிபரப்புக்காக உயரமான கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியதும், தென்கடற்கரை ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினியைப் பார்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பு நிலையங்கள் 2022-க்குள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஆகவே இந்தப் பாடத்துக்கு நாம் அமெரிக்காவைத்தான் பார்க்க வேண்டும். அங்கே இன்றும் ஊருக்கு ஊர் நிலையங்கள் இலவசமாக ஒளிபரப்புகின்றன. நம்மவர் பலர் அங்கே கடை வைத்திருப்பதால் இது வெறும் பொது அறிவு மட்டும் அன்று.

இந்தத் தேவை எப்படி வந்தது?

அமெரிக்காவில் 18 அங்குல டிஷ் மூலம் வீடுகளுக்கு ஒளிபரப்பும் டைரக்டிவி 1994-லும், டிஷ் நெட்வொர்க் 1996-லும் தொடங்கின. சேனல்கள் ஏராளம், ஆனால் உள்ளூர் நிலையம் மட்டும் இல்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வீட்டு ஆன்டெனாவில் நெட்வொர்க் சேனல் எட்டாதவர்களுக்கு மட்டுமே அதைச் செயற்கைக்கோள் வழியே கொடுக்கலாம். எனவே டிஷ் வாங்கியவர்களும் உள்ளூர்ச் செய்திக்காகப் பழைய ஆன்டெனாவை வைத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் தனித்தனி ஒயர் இழுக்காமல் ஒன்றாகச் சேர்க்கும் முறை அப்போதுதான் வீடுகளில் பரவியது.

1999 நவம்பரில் சட்டம் மாறியது. அந்தந்த ஊர் நிலையத்தை அந்த ஊருக்கே செயற்கைக்கோள் வழியே தர அனுமதி கிடைத்தது. இனி ஆன்டெனா எதற்கு என்று பலர் கழற்றிப் போட்டார்கள். அது அவசரப்பட்ட முடிவு என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம் ஒப்பந்தம். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளூர் நிலையங்கள் தம் சேனலைத் தருவதற்குக் கட்டணம் கேட்கலாம். விலை படியாவிட்டால் சேனல் நின்றுவிடும். 2019 ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 8 வரை டைரக்டிவியில் பல ஊர்களின் சிபிஎஸ் நிலையங்கள் நின்றன. 2024 செப்டம்பர் 1 முதல் 14 வரை நியூயார்க், லாஸ் ஏஞ்செல்ஸ், சிகாகோ போன்ற நகரங்களின் ஏபிசி நிலையங்கள் அதே டைரக்டிவியில் வரவில்லை. சந்தா கட்டியவர் தவறு ஏதும் செய்யவில்லை. மொத்த வியாபாரிக்கும் உற்பத்தியாளருக்கும் நடந்த விலைத் தகராறில் சில்லறை வாடிக்கையாளர் வெறுங்கையோடு நின்றார். அதே நாட்களில் ஆன்டெனா வைத்திருந்தவர் அதே நிலையத்தைக் காசு கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது காரணம் மழை. செயற்கைக்கோள் அலை 12 கிகாஹெர்ட்ஸ் அளவிலானது. கனமழை அதை உறிஞ்சிவிடும். படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். உள்ளூர் நிலையத்தின் அலை அதைவிடப் பல மடங்கு குறைந்த அதிர்வெண் கொண்டது. மழை அதை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. சூறாவளி எச்சரிக்கை அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் டிஷ் கைவிடுகிறது. கடைக்காரருக்கு அதுவே ஷட்டரை இறக்குவதா, வேலையாட்களை வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டிய நேரம்.

ஒரே ஒயரில் எப்படிப் போகும்?

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. என்ற கருவி, 12.2 முதல் 12.7 கிகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலையை 950 முதல் 1450 மெகாஹெர்ட்ஸாகக் குறைத்து ஒயரில் இறக்குகிறது. உள்ளூர் நிலையங்களோ 54 முதல் 608 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆக ஒன்று கீழ்த்தட்டு, மற்றொன்று மேல்தட்டு. ஒரே தெருவில் இரவில் லாரியும் பகலில் சைக்கிளும் போனால் இடிபடாதது போல, ஒரே கோ-ஆக்சியல் ஒயரில் இரண்டும் கலக்காமல் போகும்.

இப்படிச் சேர்க்கவும் பிரிக்கவும் உதவும் சிறிய கருவிக்கு டைப்ளெக்ஸர் என்று பெயர். அதில் மூன்று முனைகள் உண்டு: ஒன்று செயற்கைக்கோளுக்கு, ஒன்று ஆன்டெனாவுக்கு, ஒன்று இரண்டுக்கும் பொதுவானது. இது இரண்டாக வாங்க வேண்டிய சாமான். ஒன்று மாடியில் இரண்டையும் சேர்க்கும். மற்றொன்று டி.வி.யின் பின்னால் அவற்றைப் பிரித்து, ஒன்றைச் செட்-டாப் பாக்ஸுக்கும் மற்றதை டி.வி.யின் ஆன்டெனா முனைக்கும் அனுப்பும்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று ஸ்பிளிட்டரைப் போடுவது பலரும் செய்யும் தவறு. ஸ்பிளிட்டர் அலையைத் தரம் பார்த்துப் பிரிப்பதில்லை. பாதி பாதியாகப் பங்கு போடுகிறது. அதனால் இரண்டு பக்கமும் பலம் குறையும். சாதாரண ஸ்பிளிட்டர்கள் பல 1000 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக வேலை செய்வதில்லை. மேலும், செட்-டாப் பாக்ஸ் அதே ஒயர் வழியே எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. டைப்ளெக்ஸர் அதைச் செயற்கைக்கோள் முனைக்கு மட்டும் விட்டு, ஆன்டெனா பக்கம் போகாமல் தடுக்கும். கண்ட ஸ்பிளிட்டரில் அந்தக் காப்பு இராது.

செய்ய வேண்டியவை

முதலில் உள்ளூர்க் கோபுரம் எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் இதற்கென வரைபடம் வைத்திருக்கிறது. திரையில் தெரியும் சேனல் எண்ணும் உண்மையான அலைவரிசை எண்ணும் ஒன்றாக இராது என்பதையும் கவனிக்கவும். சில நிலையங்கள் இன்றும் வி.எச்.எப். அலையில் இருப்பதால், யு.எச்.எப். மட்டும் பிடிக்கும் ஆன்டெனா வாங்கி ஏமாறக் கூடாது.

2009 ஜூன் 12-இல் அமெரிக்காவின் முழுத்திறன் நிலையங்கள் யாவும் டிஜிட்டலுக்கு மாறின. முன்பு அலை குறைந்தால் படத்தில் புள்ளி விழும். இப்போது படம் முழுதாக இருக்கும், அல்லது அறவே இராது. ஆகவே ஆன்டெனாவைத் திருப்பிய பிறகு டி.வி.யில் சேனல்களை மறுபடி தேட வைத்துச் சோதிக்க வேண்டும்.

கோபுரம் பக்கத்தில் இருந்தால் பூஸ்டர் வேண்டாம். அளவுக்கு மீறிய பலமும் படத்தைக் கெடுக்கும். கோபுரம் தூரத்தில் இருந்து பூஸ்டர் வைக்க நேர்ந்தால், அதற்கு மின்சாரம் தரும் வழியையும் யோசித்துக்கொள்ளுங்கள். டைப்ளெக்ஸரைத் தாண்டி அது போகாது. எனவே பூஸ்டருக்கான மின் இணைப்பை டைப்ளெக்ஸருக்கு முன்பே, ஆன்டெனா பக்கம் கொடுக்க வேண்டும்.

கம்பத்துக்கும் ஒயருக்கும் எர்த் கொடுப்பதைச் செலவு என்று தள்ளிவிடாதீர்கள். கட்டடத்தின் மின் இணைப்புக்கு உள்ள எர்த்துடனேயே அதையும் இணைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

எல்லா டிஷ்ஷுக்கும் இந்த முறை ஒத்துவராது. சில டிஷ்கள் ஒயரில் 250 முதல் 750 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள இடத்தையும் பிடித்துக்கொள்கின்றன. அது உள்ளூர் யு.எச்.எப். நிலையங்களின் இடம். அங்கே இரண்டையும் சேர்த்தால் இரண்டும் கெடும். ஆன்டெனாவுக்குத் தனி ஒயர் இழுப்பதே முறை. கேபிள் இன்டர்நெட் வரும் ஒயரிலும் ஆன்டெனாவைச் சேர்க்கக் கூடாது. இரண்டும் ஒரே அலை இடத்தில்தான் ஓடுகின்றன.

கடையில் வைப்பதானால்

வீட்டுச் சந்தாவில் வாங்கிய டிஷ் இணைப்பைக் கடையில் வாடிக்கையாளர் பார்க்க வைக்கக் கூடாது. வணிக இணைப்பு வேறு. ஆன்டெனாவில் வரும் ஒளிபரப்பில் உள்ள இசைக்கு, 1998-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு வணிகருக்குச் சலுகை தந்திருக்கிறது. 2,000 சதுர அடிக்குக் குறைவான கடையும், 3,750 சதுர அடிக்குக் குறைவான உணவகமும், பார்க்கக் கட்டணம் வாங்காமல் ஒளிபரப்பை அப்படியே காட்டினால் இசை உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. வீட்டு உரிமையாளர் ஆன்டெனா கூடாது என்றால், 1996 முதல் நடப்பில் உள்ள விதி உதவும்: தமக்கென்று தனியாக உள்ள பால்கனி போன்ற இடத்தில் டி.வி. ஆன்டெனாவும் 1 மீட்டருக்கு மிகாத டிஷ்ஷும் வைக்கக் குடியிருப்போருக்கு உரிமை உண்டு.

பாடச் சுருக்கம்

1. டிஷ் நின்றாலும் உள்ளூர்ச் செய்தி நிற்காதிருக்க ஆன்டெனா வேண்டும்.
2. சேர்க்க ஒன்று, பிரிக்க ஒன்று என டைப்ளெக்ஸர் இரண்டு வேண்டும். ஸ்பிளிட்டர் உதவாது.
3. டிஷ் எந்த அலை இடத்தைப் பயன்படுத்துகிறது என்று கேட்டறிந்த பின்பே ஒயரைச் சேர்க்க வேண்டும்.
4. எர்த் இல்லாமல் கம்பம் நடக் கூடாது.

ஒரே இடத்தில் கொள்முதல் செய்வது சுலபம். கணக்கும் ஒன்று, பில்லும் ஒன்று. ஆனால் அன்றாடம் தேவைப்படும் சரக்குக்கு இரண்டாவது வழியைத் திறந்து வைத்திருப்பவரே தகராறு வந்த நாளிலும் மழை வந்த நாளிலும் கடையைத் திறந்து வைத்திருப்பார். மாடியில் நிற்கும் ஆன்டெனாவுக்கு மாதச் சந்தா கிடையாது. அதைக் கழற்றுமுன் ஒருமுறை யோசியுங்கள்.