முதல்ல விரல், அப்புறம்தான் ஸ்பானர்

தம்பி, ஆம்னிக்கு இந்தத் தடவை நீயே பிளக் மாத்தறேன்னு சொன்னது எனக்கு ரொம்ப சந்தோஷம். இதுக்காக அனந்தபுரத்துலேர்ந்து விழுப்புரம் வரைக்கும் வண்டியைக் கொண்டு போக வேண்டியதில்ல. ஆனா ஒண்ணை மனசுல வெச்சுக்கோ. பிளக் மரை இரும்பு, ஹெட்ல இருக்கற மரை அலுமினியம். கோணலா ஏறினா அழியறது ஹெட்தான். பிளக்குக்கு ஆகறது நூத்துக்கணக்குல, ஹெட்டை இறக்கினா ஆயிரக்கணக்குல.

ஆம்னில எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில சாய்ஞ்சாப்புல இருக்கு. பிளக் போற ஓட்டை கண்ணுக்கு நேரா தெரியாது. மரை மாறி ஏறுறது இப்படிப்பட்ட எடத்துலதான்.

எஞ்சின் நல்லா ஆறட்டும். சூட்டுல கழட்டினாலே அலுமினிய மரை பிய்ஞ்சு வரும். கழட்டறதுக்கு முன்னாடி பிளக்கைச் சுத்தி இருக்கற புழுதியைக் காத்தடிச்சு ஊதிடு. நம்ம மண் ரோட்டுப் புழுதி கொஞ்சம் உள்ள விழுந்தாலும் சிலிண்டர்ல கீறல் போடும்.

பைக்குக்குப் போடற பெட்ரோல் டியூப் ஒரு சாண் வாங்கி, பிளக்கோட பின்னந்தலைல சொருகிக்கோ. அதைப் பிடிச்சு ஓட்டைல வெச்சு, முதல்ல இடப்பக்கமா, அதாவது கழட்டற பக்கமா மெதுவா சுத்து. ஒரு எடத்துல ‘டக்’னு இறங்கி உக்காரும். அங்கேர்ந்து வலப்பக்கம் திருப்பு. மரை மாறினா டியூப்தான் வழுக்கும், பிளக் திரும்பாது. ஸ்பானர்ல அந்த எச்சரிக்கை கிடைக்காது, கை பலத்துக்கு அது பாட்டுக்கு அறுத்துக்கிட்டுப் போயிடும்.

இந்த பிளக்ல மரை நீளம் 19 மி.மீ., ஒரு சுத்துக்கு 1.25 மி.மீ. உள்ள போகும். அப்படின்னா பத்து சுத்துக்கு மேல விரலாலேயே போகணும். ரெண்டு மூணு சுத்துலயே இறுகினா உடனே நிறுத்து. ‘இன்னும் கொஞ்சம் அழுத்தினா போயிடும்’னு தோணும் பாரு, அந்த நேரத்துல ஸ்பானரைத் தொடாதே.

வாஷர் தொட்டதும்தான் ஸ்பானர். புது பிளக்னா கடிகார முள் 12-லேர்ந்து 6-க்குப் போற அளவு, அதாவது அரைச் சுத்து. பழசையே திரும்பப் போட்டா 12-லேர்ந்து 1 வரைக்கும் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தா 25-லேர்ந்து 30 நியூட்டன் மீட்டர். மரையில எண்ணெய், கிரீஸ் எதுவும் வேணாம். வழுக்கி, அளவுக்கு மேல இறுகிடும். என்.ஜி.கே. கம்பெனியே தன் பிளக்குக்கு எதையும் தடவ வேணாம்னுதான் சொல்லுது.

ஏற்கெனவே மரை மாறி ஏறிடுச்சா? நேரா, மெதுவா கழட்டிப் பாரு. பிளக் மரையில வெள்ளித் தூள் ஒட்டியிருந்தா ஹெட் மரை அடிபட்டிருக்கு. அந்த பிளக்கைத் திரும்பப் போடாதே. முதல் ஒண்ணு ரெண்டு மரை மட்டும் மடங்கியிருந்தா மெக்கானிக் மரை வெட்டற 14-க்கு 1.25 டேப்புல கிரீஸ் தடவி, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே திருப்பிச் சரி பண்ணுவாரு. தூள் கிரீஸ்ல ஒட்டிக்கும். அடிக்கடி வெளியே எடுத்துத் துடைக்கச் சொல்லு.

மரை முழுசா போயிருந்தா லேத் பட்டறைதான். ஹெலிகாய்ல் சுருளோ இரும்பு புஷ்ஷோ போட்டுக் கொடுப்பாங்க. ஹெட்டை இறக்காமலேயே போட்டுடலாம்னு சொல்வாங்க. எனக்கு அதுல மனசு ஒப்பாது. ஓட்டையைப் பெருசாக்கும்போது விழற தூள் நிறைய, உள்ள போனா பிஸ்டன் ரிங்கே போயிடும். செலவு கூடினாலும் இறக்கியே பண்ணு.

டெஃப்லான் டேப் சுத்தறது, எம்-சீல் வைக்கறது எதுவும் கூடவே கூடாது. மரை வழியாத்தான் பிளக்குக்கு எர்த், சூடு வெளியேறறதும் அது வழியாத்தான். லூஸான பிளக்கோட ‘திண்டிவனம் வரைக்கும்தானே’ன்னு கிளம்பவும் கூடாது. பிளக் பிச்சுக்கிட்டு வந்தா பெட்ரோல் ஆவி சீட்டுக்கு அடியிலதான் பீச்சும், அங்கேயே ஸ்பார்க்கும் இருக்கு.

வேலை முடிஞ்சு ஒரு ஓட்டம் போயிட்டு வந்து, எஞ்சின் ஆறினதும் டார்ச் அடிச்சுப் பாரு. பிளக்கைச் சுத்தி கறுப்பு படிஞ்சிருந்தாலோ, ஓடும்போது ‘புஸ் புஸ்’னு சத்தம் வந்தாலோ கம்ப்ரஷன் லீக் ஆகுது. வண்டியை அப்படியே நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணு.