பரம்பிக்குளத்துக்குப் போகும் பேத்திக்கு

உடுமலை

அன்புக் கண்ணு,

நீ அனுப்பிய பட்டியலை உன் அம்மாயி போனில் பெரிதாக்கிக் காட்டினாள். எட்டுப் பேர், இரண்டு கார், நான்கு கூடாரம், கறி சுடும் அடுப்பு ஒன்று, ஸ்பீக்கர் ஒன்று. ராத்திரி அணைக் கரையில் நெருப்பு மூட்டி உட்காருவது, காலையில் நீச்சல். வழி: கோவை, பாலக்காடு, பரம்பிக்குளம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனில் சொன்னால் 'சரிங்க அப்புச்சி' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அணையில் பொதுப்பணித் துறைக் குடியிருப்பில் எத்தனை வருஷம் கிடந்தேன் என்பது உனக்குத் தெரியும். தினமும் காலை எட்டு மணிக்கு ஸ்கேலில் தண்ணீர் அளவைப் பார்த்து எழுதுவதுதான் நாள் தொடங்கும் விதம். உன் அம்மா பிறந்தது அந்தக் காலத்தில்தான். ஆகவே இது ஊர் சுற்றிப் பார்த்தவன் சொல்லும் யோசனை இல்லை.

முதலில் வழி. பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டம்தான், கேரளாதான். ஆனால் பாலக்காட்டுக்காரர்களே பொள்ளாச்சிப் பக்கம் வந்துதான் அங்கே போகிறார்கள். பொள்ளாச்சி, ஆனைமலை, வேட்டைக்காரன்புதூர், சேத்துமடை, டாப்சிலிப், அப்புறம் ஆனைப்பாடி. சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறைச் சாவடி, ஆனைப்பாடியில் கேரள வனத்துறைச் சாவடி. இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனியாகப் பணம் கட்ட வேண்டும், இரண்டு இடத்திலும் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக்கும் சாராயமும் இருந்தால் அங்கேயே எடுத்து வைத்துவிடுவார்கள். உன் சேக்காளிகளில் யாராவது 'நான் பேசிக்கிறேன்' என்பவன் இருந்தால் அவனை முதலிலேயே கழற்றி விடு. சாயங்காலமானால் அந்தப் பாதையில் வண்டி விடமாட்டார்கள். ஆகையால் வெள்ளெனக் கிளம்பு. பெட்ரோலைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள், கையில் ரொக்கம் வைத்துக்கொள். காட்டுக்குள் போய்விட்டால் சிக்னலை நம்பாதே.

கேரளாவில் இருக்கிற அணையில் உன் அப்புச்சி எப்படி வேலை பார்த்தான் என்று உன் சேக்காளிகள் கேட்பார்கள். அணை நிற்பது அவர்கள் மண்ணில், பராமரிப்பதும் மதகைத் திறந்து மூடுவதும் நாம். 1970-ல் இரண்டு மாநிலமும் போட்ட ஒப்பந்தம், 1958-லிருந்தே செல்லும் என்று எழுதப்பட்டது. பரம்பிக்குளம் முழுசாக நிரம்பினால் 72 அடி, கிட்டத்தட்ட 17.8 டி.எம்.சி. அந்தத் தண்ணீர் சுரங்க வழியாகத் தூணக்கடவுக்கு வருகிறது. தூணக்கடவும் பெருவாரிப்பள்ளமும் ஒரு வெட்டு வாய்க்காலால் ஒட்டிக்கொண்ட இரட்டைக் குளம் மாதிரி, ஒன்றில் ஏறினால் மற்றதிலும் ஏறும். அங்கிருந்து மறுபடியும் சுரங்கம், சர்க்கார்பதியில் மின்சாரம் எடுத்துவிட்டு, மலையடிவாரத்தோடு போகும் கால்வாயில் திருமூர்த்தி அணை. அப்புறம் நாலு மண்டலமாகப் பிரித்து முறை வைத்து விடுகிற தண்ணீர். நம் தென்னந்தோப்பு மடைக்கு வருகிற பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்துத் தண்ணீர், பி.ஏ.பி. தண்ணீர், அதுதான். ஆக, நீ கரையில் நின்று போட்டோ எடுக்கப் போகிற தண்ணீர், வேலைக்குப் போகிற வழியில் கொஞ்சம் நிற்கிற தண்ணீர்.

இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, உன் நீச்சலை அடிப்பதற்காகச் சொல்கிறேன். ஆற்றைப் பார்த்தால் ஓட்டம் தெரியும், பயப்படலாம். அணைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடக்கும். சுரங்க வாயில் இழுக்கிற இழுப்பு மேலே தெரியாது. கரை படிப்படியாக ஆழமாகும் என்று நினைக்காதே. அது மூழ்கிப்போன மலைச்சரிவு, இரண்டு எட்டில் இடுப்பு, மூன்றாவது எட்டில் ஆளையே காணோம். உள்ளே பழைய மரங்களின் மொட்டைக் கட்டைகள் நிற்கும். இதெல்லாம் போக, முதலை இருக்கிறது. தூரத்தில் பார்த்தால் கரையொதுங்கிய கட்டை மாதிரி இருக்கும். கட்டை என்று நினைத்து நாங்களே பலமுறை ஏமாந்திருக்கிறோம்.

தண்ணீர் வற்றிய காலத்தில் இன்னொரு கண்ணி. கரையோர வண்டல் வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். பார்த்தால் கோலி விளையாடலாம் போலத் தோன்றும். ஒரு மே மாதம், கரையில் நட்டிருந்த அளவுக்கல் சாய்ந்துவிட்டதோ என்று பார்க்க நான் அந்த வண்டல் மேல் நடந்தேன். இருபது அடி போனதும் பாளம் அப்பளம் மாதிரி நொறுங்கியது. அடியில் களி, முழங்கால் வரைக்கும். ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் தொடை வரைக்கும் போகிறது. என்னோடு வந்த மலசர் பெரியவர் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே ஒரு மூங்கிலைத் தரையோடு தள்ளிவிட்டு, "நிக்காதீங்க சார், படுங்க" என்றார். சட்டை எல்லாம் சேறாகக் குப்புறப் படுத்து, மூங்கிலைக் கட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தேன். என் ஒரு ஜோடிச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கரையில் இறங்காதே என்று வழிகாட்டி சொன்னால், அதற்குப் பின்னால் இந்த மாதிரி ஒரு கதை இருக்கும், எதிர்த்துப் பேசாதே.

2022 செப்டம்பரில் நடந்ததை நீயே டி.வி.யில் பார்த்திருப்பாய். அணை நிரம்பி நின்ற ராத்திரி, மூன்று மதகில் நடு மதகின் எதிரெடையைத் தாங்கிய சங்கிலி அறுந்து, ஷட்டரே போய்விட்டது. விநாடிக்கு 20,000 கன அடி அளவுக்குத் தண்ணீர் சாலக்குடி ஆற்றுக்குப் பாய்ந்தது. நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகியும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அணைக்குக் கீழே ஆற்றுப் படுகைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று உங்களில் ஒருவனுக்காவது தோன்றும். தோன்றினால் இதை நினைத்துக்கொள்ளச் சொல்.

அடுத்து, கூடாரம். நீ வாங்கி வைத்திருக்கிற நான்கையும் வீட்டிலேயே விட்டுவிடு. அது புலிகள் காப்பகம், 2010-லிருந்து. கண்ட இடத்தில் கூடாரம் அடிக்க யாருக்கும் அனுமதி கிடையாது, நெருப்புக்கும் கிடையாது. இதில் எனக்கு வருத்தமே இல்லை. இருட்டின பிறகு கரை நம்முடையது அல்ல. ஆனை, காட்டுமாடு, கடமான், செந்நாய் என்று ஒவ்வொன்றும் தண்ணீருக்கு இறங்கும் நேரம் அது. குடியிருப்புக்குப் பின்னால் விடிகாலையில் ஆவி பறக்கும் ஆனைச் சாணியைத் தாண்டித்தான் நாங்கள் ஸ்கேல் பார்க்கப் போவோம். அந்தச் சூடு தெரிந்தவன் கரையில் பாயை விரிக்கமாட்டான்.

கூடாரத்தில்தான் தூங்க வேண்டும் என்றால் ஆனைப்பாடியில் கேரள வனத்துறையே கூடார வீடுகள் வைத்திருக்கிறது. மர வீடும் உண்டு. துடுப்புப் போட்டுப் போய் இறங்குகிற வீட்டிக்குன்னு தீவிலும் தங்கும் இடம் இருக்கிறது. என்னைக் கேட்டால் தீவு. ஆனால் எட்டுப் பேரோடு போகாதே. எல்லாவற்றுக்கும் முன்பதிவு வேண்டும், இடம் கொஞ்சம்தான். பதிவு கையில் வந்த பிறகு லீவு போடு, லீவு போட்டுவிட்டுப் பதிவுக்கு அலையாதே. கூட வருகிற வழிகாட்டிகளில் பலர் காடர், மலசர், மலமலசர், முதுவர். அந்தக் காட்டின் வயசாளிகள் அவர்கள். பேர் கேள், 'ஹலோ பாஸ்' என்று கூப்பிடாதே.

மூங்கில் தெப்பத்தில் போக வாய்ப்புக் கிடைத்தால் விடாதே. உயிர்காப்புச் சட்டை மாட்டிவிடுவார்கள், அழகாக இல்லை என்று கழற்றிவிடாதே. தெப்பத்தில் மூங்கில்களுக்கு நடுவே தண்ணீர் மேலே வந்து உட்கார்ந்த இடம் நனையும். மூழ்குகிறோமோ என்று ஒரு பயம் வரும், அது அப்படித்தான். துடுப்பு ஓய்ந்த நேரத்தில் தலைக்கு மேலே யாரோ பாயை உதறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் அண்ணாந்து பார், இருவாச்சி பறக்கிறது. ஸ்பீக்கர் எதற்கு என்று அப்போது உனக்கே தெரியும்.

பாட்டு, கூச்சல், சுட்ட கறி இதெல்லாம்தான் முக்கியம் என்கிறவர்களைத் திட்டாதே, அதுவும் வயசுதான். ஆழியாறு அணைக்கு அனுப்பிவிடு. பூங்கா இருக்கிறது, படகு இருக்கிறது, மீன் வறுத்துத் தருவார்கள், அப்படியே வால்பாறை ரோட்டில் ஒன்பதாவது வளைவு வரை ஏறி அணையை மேலிருந்து பார்க்கலாம். அங்கேயும் அணையில் குளிக்கக் கூடாது, அதை மட்டும் சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்பு.

கன்னிமாரா தேக்கைக் கட்டாயம் காட்டுவார்கள். சுற்றளவு ஆறு மீட்டருக்கு மேல், நாலைந்து பேர் கை கோத்தால்தான் வளைக்க முடியும். வெட்டப் போனபோது ரத்தம் வந்தது என்று கதை சொல்வார்கள், கேட்டுக்கொள். எனக்கு அதைவிடப் பழைய டிராம் பாதைக் கதை பிடிக்கும். 1907 முதல் 1963 வரை இந்தக் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கிக்கொண்டிருந்தது அந்தச் சின்ன ரயில். அதன் தடயம் எங்கே இருக்கிறது என்று வழிகாட்டியைக் கேள். போகும்போது டாப்சிலிப்பில் ஹியூகோ வுட் கல்லறையில் ஒரு நிமிஷம் நில்லு. மொட்டையாகிக் கிடந்த மலையில் தேக்கைத் திரும்ப வளர்த்த வெள்ளைக்காரர் அவர்.

டிசம்பர், ஜனவரியில் போ. ஜூன் முதல் மழையும் அட்டையும், சாக்ஸுக்குள் புகுந்து குடித்துவிட்டுத்தான் விடும். பிப்ரவரிக்கு மேல் காட்டுத்தீ பயம், சில சமயம் அடைத்தே விடுவார்கள். பச்சை, காக்கி, மண் நிறத்தில் உடுத்து. சென்ட் வேண்டாம். மொத்தத்தில், ஒரம்பரை போகிற வீட்டில் எப்படி இருப்போமோ அப்படி இருந்துவிட்டு வா.

எட்டுப் பேரை நாலாக்கு, ஒரே கார். முந்தின நாள் ராத்திரியே இங்கே வந்து படுத்துக்கொள்ளுங்கள். விடிகாலையில் அம்மாயி புளிச்சோறு கட்டித் தருவாள், பெரிய தூக்குப்போசியைத் தேய்த்து வைத்துவிட்டாள். அணைப் பக்கம் போகும்போது நம் ஆட்கள் யாராவது நின்றால், இன்றைக்கு ஸ்கேலில் எத்தனை அடி என்று கேட்டு வந்து சொல்லு.

அன்புடன்,
அப்புச்சி