புது ஃபேன் கரண்ட்டை மிச்சப்படுத்துதா? போனிலேயே பாருங்க

பழைய ஃபேன்களைக் கழற்றிட்டு பிஎல்டிசி ஃபேன் மாட்டியாச்சு. யூனிட் கொஞ்சம் குறைஞ்ச மாதிரி தெரியுது. நிஜமாவே குறைஞ்சதா, தற்செயலா? மீதி ரூமுக்கும் பணம் போடும் முன் கூகுள் ஷீட்ஸில் சோதித்துப் பார்க்கலாம்.

ரூபாயை எடுக்காதீங்க, கட்டணம் மாறும்; யூனிட்டை எடுங்க. ஃபேன் மாட்டுவதற்கு முந்தைய ஓராண்டின் ஆறு பில் பி2 முதல் பி7 வரை. பிந்தைய ஆண்டின் ஆறு பில் சி2 முதல் சி7 வரை. மே மாதத்துக்கு நேராக மே மாதமே வரணும். உதாரணத்துக்கு, முன்பு 420, 510, 480, 400, 390, 370. பின்பு 390, 500, 430, 410, 350, 340.

காலிக் கட்டத்தில் சமக்குறி போட்டு, ஆங்கிலத்தில் டி.டெஸ்ட் என டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் பி2:பி7, சி2:சி7, 2, 1 என்று கொடுங்க. 0.037 வரும். அதாவது, ஃபேனால் எந்த மாற்றமும் இல்லை என்றால், இவ்வளவு வித்தியாசம் தானாக வர 100க்கு 4 வாய்ப்புகூட இல்லை. 0.05க்குக் கீழே இருந்தால் தற்செயல் இல்லை என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இதில் 2 என்பது, கூடினாலும் குறைந்தாலும் கணக்கில் எடு என்பதற்கு. கோட்டை விடுவது கடைசி எண்ணில்தான். 1 என்றால் மாதத்துக்கு மாதம் ஜோடியாக ஒப்பிடும். அதே எண்களுக்கு 3 போட்டுப் பாருங்க, 0.46 வரும்! கோடைக்கும் மழைக்காலத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தில், பில்லுக்குச் சராசரி 25 யூனிட் மிச்சமானது மறைஞ்சு போயிடும்.

ஆனா ஒண்ணு, ஏன் குறைஞ்சதுன்னு ஷீட் சொல்லாது. அந்த வருஷம் பையன் ஹாஸ்டலுக்குப் போயிருந்தாலும் இதே 0.037 வரலாம்.